மருந்துத் தண்ணி

மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் டிரஸர் கொடுப்பது ஒன்று. முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு நிரையில் அடிப்பது மற்றொன்று. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு "இன்னிக்கு மருந்தடிக்கப் போறேன்" என்பார்கள். மலாயில் அதே சரக்குக்கு 'ராச்சுன்' என்று பெயர், அதாவது பச்சையாக விஷம். நாம் மட்டும் அதை மருந்து என்றோம். தமிழ்நாட்டிலும் 'பூச்சி மருந்து' என்றுதான் சொல்கிறார்கள் என்பதால் இதைத் தோட்டத்து ஆட்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சொல்லில் ஒரு பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் படித்தது வேதிப் பொறியியல். திடப்பொருள் தண்ணீரில் கரைந்து கரைசல் ஆவது என்பது எங்கள் பாடத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் எங்கள் ஊர்த் தோட்டங்களின் வரலாற்றில் அந்த அரைப் பக்கம் நூறு ஆண்டு நீளத்துக்கு ஓடுகிறது. எது கரைந்தது, யார் கரைத்தார்கள், கரைந்தது எங்கே போனது என்று கேட்டுப் பார்த்தால் ரப்பர் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத ஒரு மூலைக்குப் போய்ச் சேரலாம்.

கெடா 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஆங்கிலோ-சயாமிய ஒப்பந்தத்தால் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. ரப்பர் விலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். குனோங் ஜெராய் அடிவாரத்தைச் சுற்றிக் காடு விழுந்தது, பால்மரம் எழுந்தது, கப்பலேறி நம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இது தெரிந்த கதை. காட்டோடு சண்டை முடிந்ததும் புல்லோடு சண்டை தொடங்கியது என்பதைத்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

மரத்தை வெட்டி வெயிலைத் தரையில் விழவிட்டால் முதலில் வந்து உட்காருவது லாலான். மேலே இலை கத்தி மாதிரி இருக்கும். கீழே மண்ணுக்குள் கிழங்கு வேர் கிளை விட்டு ஓடும். அதில் ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். இளம் ரப்பர் கன்றை வளரவிடாது. வறட்சியில் நெருப்புப் பிடித்தால் நிரை நிரையாகப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் பல இடங்களில் தர்ப்பை என்று சடங்குக்கு அறுத்துக்கொண்டு போவது இதே இனப் புல்லைத்தான். அங்கே விரலில் மோதிரமாகப் போட்டுக்கொண்டதை இங்கே நம் ஆட்கள் மண்வெட்டியால் வேரோடு தோண்டிப் போட்டார்கள். தோண்டத் தோண்ட ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். அதைவிட மலிவான ஒன்றைத் தேடிய தோட்டங்கள் சோடியம் ஆர்சனைட்டுக்கு வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க மலாயா ரப்பர் தோட்டங்கள் பெரிதும் நம்பியிருந்த களைக்கொல்லி அது.

இதன் மூலப்பொருள் வெள்ளைப் பாஷாணம். ஆர்சனிக்கின் ஆக்சைடு. பார்க்க மாவு மாதிரி இருக்கும், மணம் கிடையாது, சுவையும் இல்லை என்றே சொல்லலாம். சித்த மருத்துவம் 64 பாஷாணங்களைக் கணக்குச் சொல்கிறது. 32 இயற்கையில் கிடைப்பவை, 32 செய்து எடுப்பவை. 'பாஷாணம்' என்றால் வடமொழியில் கல் என்றுதான் பொருள். தமிழில் அந்தக் கல் நேராக விஷமாகிவிட்டது. பழனி மலை முருகன் சிலையைப் போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்பது ஐதீகம். அந்தச் சிலைமேல் ஊற்றிய அபிஷேகத் தீர்த்தத்தை நோய் தீர்க்கும் என்று குடித்தவர்கள் நம் முன்னோர்கள். கல், விஷம், மருந்து மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்துக்கொண்டுதான் நாம் கப்பலேறியிருக்கிறோம். நடுவில் நின்று ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது தண்ணீர்.

ஆனால் வெள்ளைப் பாஷாணம் தண்ணீரில் அவ்வளவு லேசாகக் கரையாது. சாப்பாட்டு உப்பைப் பாருங்கள். அது நேர்மின், எதிர்மின் துகள்கள் மாறி மாறி அடுக்கிய கட்டு. தண்ணீர் மூலக்கூறு வளைந்த வடிவம் கொண்டது. ஒரு பக்கம் லேசான நேர்மின்னும் இன்னொரு பக்கம் லேசான எதிர்மின்னும் இருக்கும். உப்புக்கல்லின் ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு துகளையும் நாலைந்து தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு கட்டிலிருந்து பிடுங்கி எடுத்துப் போகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் உப்பு வரைக்கும் இப்படிப் போகும். வெள்ளைப் பாஷாணத்தில் பிரித்தெடுக்க அப்படிப்பட்ட மின்துகள் கிடையாது. ஒரு லிட்டருக்கு 20 கிராம் போவதே பெரும்பாடு, அதுவும் மெதுவாக. பொடி நனைய மறுத்து மேலே மிதக்கும், மிச்சம் அடியில் தங்கும்.

இந்த முரண்டு ஒரு வகையில் மனிதர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இங்கிலாந்தில் மேரி பிளாண்டி என்ற பெண் தன் தகப்பனுக்குக் கஞ்சியில் ஆர்சனிக் கலந்தார் என்று 1752இல் ஆக்ஸ்ஃபோர்டில் வழக்கு நடந்தது. வேலைக்காரப் பெண் கஞ்சிச் சட்டியின் அடியில் நறநறவென்று வெள்ளையாக ஏதோ கிடப்பதைப் பார்த்து எடுத்துவைத்தார். ஆண்டனி ஆடிங்டன் என்ற மருத்துவர் அதைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் போட்டுச் சோதித்து ஆர்சனிக் என்று சாட்சி சொன்னார். மேரி தூக்கிலிடப்பட்டார். கரையாமல் கிடந்ததால்தான் அது அகப்பட்டது.

அதைக் கரைய வைக்க ஒரு வழி இருந்தது. வெறும் தண்ணீருக்குப் பதில் காரம் கலந்த தண்ணீர். வெள்ளைப் பாஷாணம் லேசான அமிலக் குணம் கொண்டது. காரத்தைக் கண்டால் அதோடு வினைபுரிந்து ஆர்சனைட் என்ற மின்துகளாக மாறிவிடும். மாறியபின் உப்பைப் போலவே தண்ணீர் அதைச் சூழ்ந்து தூக்கிக்கொண்டு போய்விடும். கறாராகச் சொன்னால் இது உப்பு கரைவது போன்ற கரைதல் இல்லை. உப்புத் தண்ணீரை வற்றவிட்டால் அதே உப்பு திரும்பக் கிடைக்கும். இதை வற்றவிட்டால் கிடைப்பது வேறு பொருள். ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். அடியில் வெள்ளை இல்லை. தெளிந்த தண்ணீர்.

இந்த வேலையை முதலில் புகழ்பெறச் செய்தது விவசாயம் இல்லை, மருத்துவம். 1786இல் தாமஸ் ஃபவ்லர் என்ற ஆங்கில மருத்துவர் வெள்ளைப் பாஷாணத்தைப் பொட்டாசியம் காரத்தில் காய்ச்சிக் கரைத்து, முறைக்காய்ச்சலுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம் என்று எழுதினார். முறைக்காய்ச்சல் என்றால் மலேரியா. 'ஃபவ்லர் கரைசல்' என்ற பெயரில் அது நூறாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க மருந்துக் கடைகளில் இருந்தது. ஃபவ்லர் அதில் கொஞ்சம் லாவெண்டர் சாறும் சேர்த்தார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருப்பதை யாராவது தெரியாமல் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடக் கூடாதே என்பதற்காக நிறமும் மணமும். பொட்டாசியத்துக்குப் பதில் சோடியத்தைப் போட்டு, அளவைக் கூட்டி, லாவெண்டரை எடுத்துவிட்டால் தோட்டத்து லாலான் மருந்து. ஆக, நிரையில் அடித்ததை 'மருந்து' என்று சொன்ன ஆட்கள் தங்களுக்குத் தெரியாமலே அதன் வம்சாவளியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் இது வேலை செய்த விதம் எளிது. பொடியாகவோ கெட்டிக் கரைசலாகவோ டிரம்மில் வரும். ஸ்டோருக்குப் பக்கத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கி, பம்பில் ஊற்றி, இலைமேல் அடிப்பார்கள். பட்ட இலை கருகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு சாகாது என்பதால் சில வாரத்தில் திரும்ப முளைக்கும், திரும்ப அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் ஆர்சனிக் மண்ணில் இறங்கும். ஆர்சனிக் ஒரு தனிமம். வெயிலோ கிருமியோ அதை உடைத்து வேறொன்றாக்க முடியாது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவின் அம்மா பன்னிரண்டு வயதில் வெளிக்காட்டு வேலைக்கு இறங்கியவர். கல்யாணமாகி வந்த தோட்டத்தில் பதினெட்டு ஆண்டு மருந்தடித்தார். பழைய மருந்தை அவர் அடித்ததில்லை. ஆனால் கேள்விப்பட்டிருந்தார்.

"அது எங்க மாமனாரு காலத்து மருந்து. லயத்துல ரெண்டு பசு வச்சிருந்தாங்களாம். மருந்தடிச்ச புல்லு உப்புக் கரிக்கும் தம்பி, மாடு அதையேதான் தேடிப் போவும். ரெண்டும் ஒரே வாரத்துல செத்துச்சு. தொரைகிட்ட போயி நின்னதுக்கு, மாட்ட ஏன் அவுத்து வுட்டேன்னு கேட்டாராம்."

உப்புக் கரிப்பது பாட்டியின் கற்பனை இல்லை. ஆர்சனைட் அடித்த புல்லின் உப்புச் சுவையால் கால்நடைகள் ஈர்க்கப்படுவது கால்நடை மருத்துவத்தில் பதிவான விஷயம். லயத்துக் குடும்பத்துக்குப் பசு என்றால் பால் விற்ற காசு, அவசரத்துக்கு விற்க ஒரு சொத்து, பொங்கலுக்கு ஒரு காரணம். துரையின் கணக்குப் புத்தகத்தில் மருந்து மலிவாக இருந்ததற்கு அந்தப் பசுக்களின் விலை அதில் ஏறாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1962இல் புதியது வந்தது. பாராகுவாட். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1955இல் அதன் களைக்கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு முன்பே, 1930களில் இருந்து, அதே பொருள் வேறு பெயரில் ஆய்வகத்தில் நிறங்காட்டியாகப் புழங்கியது. தோட்டத்தில் அதைக் 'கிராமக்சோன்' என்ற கடைப்பெயரால்தான் எல்லோருக்கும் தெரியும். கரைதல் என்ற கணக்கில் பார்த்தால் இது வெள்ளைப் பாஷாணத்துக்கு நேர் எதிர். உப்பைப் போல மின்துகள்களால் ஆன திடப்பொருள், லிட்டருக்கு 600 கிராமுக்கு மேல் கரையும். காரமும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். ஆர்சனிக் சகாப்தம் முடிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. மாடு சாகவில்லை. பலகாலம் இதைப் பாதுகாப்பான மருந்து என்றே விற்றார்கள்.

அதில் ஒரு பாதி உண்மை இருந்தது. பாராகுவாட் துகளுக்கு நேர்மின் இருமடங்கு, களிமண்ணுக்கு எதிர்மின். மண்ணில் பட்ட நொடியில் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு வேருக்கு அது கிடைக்காது. சேற்றுத் தண்ணீரில் கலந்தால் மருந்து வேலை செய்யாது, நல்ல தண்ணீர் எடு என்று மண்டோர் திட்டுவதற்குக் காரணம் இதுதான். தெரியாமலோ மனமுடைந்தோ குடித்துவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வகைக் களிமண்ணைக் கரைத்துக் கொடுத்ததும் இதே காரணத்தால். பெரும்பாலும் அது பலன் தரவில்லை, நுரையீரல் போய்விடும். மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. 1970களின் பிற்பகுதியில் உற்பத்தியாளர்களே அதில் நீல நிறமும் நாற்றமும் வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்தார்கள். ஃபவ்லரின் லாவெண்டர் இருநூறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது.

மண்ணுக்கு வந்ததும் அடங்கிவிடுகிறது என்பது சரி. மண்ணுக்கு வருமுன் அது பம்பில் இருந்தது, பம்பு பெண்கள் முதுகில் இருந்தது. மருந்தடிக்கும் வேலை மெல்ல மெல்லப் பெண்கள் வேலையாகிவிட்டிருந்தது. பம்பு ஒழுகும், சட்டை நனையும், காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். "நகம் கழண்டு கழண்டு வளந்துச்சு. மூக்குல ரத்தம் வரும். ஒரு டின் பால் குடுப்பாங்க, விஷத்தை முறிச்சிடுமாம்" என்றார் பாட்டி. நகம் கழல்வதும் மூக்கில் ரத்தம் வருவதும் பாராகுவாட்டின் தெரிந்த அறிகுறிகள். பால் எதையும் முறிக்காது. ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002இல் தோட்டத்து மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. அந்த ஆண்டே மலேசியா பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது, 2006இல் பின்வாங்கியது, கடைசியில் 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுத்தடை வந்தது. 1974இன் பூச்சிக்கொல்லிச் சட்டம் நாற்பத்தாறு ஆண்டு எடுத்துக்கொண்டது. அதற்குள் அந்தப் பெண்களில் பலர் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள்.

பாராகுவாட் பற்றிக் கட்டுரைகள் உண்டு, ஆய்வுகள் உண்டு, வழக்குகள் உண்டு. அதற்கு முந்தைய ஆர்சனிக்கைப் பற்றி நம்மவர்கள் எழுதியது மிகக் குறைவு. எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஏனென்றால் அது இன்னும் போகவில்லை.

மெர்போக் மண் சிவப்பு. ஏன் சிவப்பு என்பதும் ஒரு கரைதல் கதைதான். வெப்ப மண்டல மழை லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையில் இருந்து கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. சோடியம், கால்சியம், பிறகு மெதுவாக சிலிக்கா. கரையாமல் மிஞ்சியவை இரும்பும் அலுமினியமும். அந்த மிச்சம் கட்டியாகிக் கல்லானால் செம்பாறாங்கல். கடாரத்து ஆட்கள் அந்தக் கல்லை வெட்டியும் செங்கல்லை அடுக்கியும் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி கட்டினார்கள். சுங்கை பத்துவில் யூ.எஸ்.எம். ஆய்வாளர்கள் தோண்டி எடுத்த உலைகளும் ஊதுகுழாய்களும் இதே வட்டாரத்தில் இரும்பு உருக்கியதற்குச் சாட்சி. நாம் பெருமையாகப் பேசும் கடாரத்து இரும்பு, மழை கரைக்க முடியாமல் விட்டுவைத்துப் போன இரும்பு.

அந்த இரும்புக்கு ஆர்சனிக் என்றால் ஆசை. இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஆர்சனிக் இறுகப் பற்றிக்கொள்ளும். குடிநீரில் இருந்து ஆர்சனிக்கை எடுக்கும் வடிகட்டிகளில் இன்றும் இரும்பு ஆக்சைடைத்தான் போடுகிறார்கள். அப்படியானால் சிவப்பு மண்ணில் அடித்த சோடியம் ஆர்சனைட் முழுக்க மழையோடு ஆற்றுக்குப் போய்விடாது. சோடியம் போகும். ஆர்சனிக்கின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஹவாய்த் தீவுகளில் இதே நடந்திருக்கிறது. அங்கே கரும்புத் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதே சோடியம் ஆர்சனைட்டைக் களைக்கு அடித்தார்கள். அங்கேயும் இரும்பு நிறைந்த சிவப்பு மண். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சுகாதாரத் துறை சோதித்தபோது பழைய கரும்புக் காடுகளில் ஆர்சனிக் அப்படியே இருந்தது. மருந்து கலக்கிய இடங்கள் தனிக் கவலையாகின. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மாட்டு உண்ணிக்கு ஆர்சனிக் தண்ணீர்த் தொட்டிகள் வைத்திருந்தார்கள். 1,600க்கும் மேற்பட்ட தொட்டி இடங்களை அரசு கணக்கெடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறது. அங்கே நிலம் வாங்குகிறவர் தன் நிலத்தில் பழைய தொட்டி இருந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மண் பிடித்து வைத்திருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். அந்தப் பிடி நிரந்தரம் இல்லை. மண்ணில் தண்ணீர் தேங்கிக் காற்று புகாமல் போனால், இரும்பு ஆக்சைடு வேறு நிலைக்கு மாறிக் கரையத் தொடங்கும். இரும்பு கரைந்தால் அது பிடித்திருந்த ஆர்சனிக்கும் தண்ணீருக்கு வந்துவிடும். வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் வந்ததற்கு முக்கியக் காரணம் இந்த வேதியியல்தான். அங்கே ஆர்சனிக் இமயமலை வண்டலோடு வந்தது, யாரும் அடித்தது இல்லை. கதவு திறக்கும் விதம் ஒன்றே. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கண்ணால் பார்த்தோ நாக்கால் சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாத அளவு அது. மெர்போக்கில் மேட்டு நிலம் சிவப்பு. ஆற்றுப் பக்கம் இறங்க இறங்கச் சேறும் சதுப்பும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வருகிறது. லயங்கள் இடிந்துவிட்டன. கோயில் எங்கே இருந்தது, தமிழ்ப்பள்ளி எங்கே இருந்தது என்று நாம் தேடித் தேடிப் பதிவு செய்கிறோம், செய்ய வேண்டியதுதான். மருந்து கலக்கிய இடம் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நிரையெல்லாம் பரவலாக அடித்ததைவிட, ஐம்பது ஆண்டு ஒரே இடத்தில் டிரம் கழுவிக் கொட்டிய பத்தடி மண்தான் முதலில் பார்க்க வேண்டியது. அது எந்தத் தோட்ட வரைபடத்திலும் குறிக்கப்படுகிற இடமில்லை. எண்பது வயதைத் தாண்டிய சிலரின் தலைக்குள் இருக்கிறது.

பாட்டியிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஸ்டோருக்குப் பின்னாடி. குழாயடியிலேர்ந்து நாலு எட்டு. மாமனாரு காட்டுவாரு, அங்கதான் பழைய மருந்தக் கலக்குனோம், அங்க புல்லே மொளைக்காதும்பாரு. நாங்களும் அங்கேயேதான் கலக்குனோம், தண்ணி கிட்டக்க இருந்துச்சு." குழாயடி என்றால் லயமே குடிக்கத் தண்ணீர் பிடித்த இடம்.

அந்த ஸ்டோர் இப்போது இல்லை. சடக்கில் இருந்து பார்த்தால் செம்பனைக்கு நடுவே சிமெண்டுத் தளம் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் நாலைந்து குடும்பம் வாழையும் மரவள்ளியும் போட்டிருக்கிறார்கள். சோதனை ஒன்றும் பெரிய காரியமில்லை. மேல்மண்ணில் ஒரு கரண்டி எடுத்து, காயவைத்து, சலித்து, அடர் அமிலத்தில் சூடாக்க வேண்டும். இரும்பு கரையும், அதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் கூடவே கரையும். வடிகட்டினால் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒன்று கிடைக்கும். அதைக் கருவிக்குள் விட்டால் மாலைக்குள் எண் வந்துவிடும்.